சந்தை சரியும்போது நகரக் கூட்டுறவு வங்கி வைப்பு: எதற்குச் சரி, எதற்கு வேண்டாம்

பங்குச் சந்தை தொடர்ந்து இறங்கும்போது, மியூச்சுவல் ஃபண்டை விற்று ஊர் கூட்டுறவு வங்கியில் வைப்பாகப் போட்டுவிடலாமா என்று பலருக்கும் தோன்றும். மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம், அதாவது கல்லூரிக் கட்டணம், கல்யாணச் செலவு, ஆறு மாத வீட்டுச் செலவு என்றால் இந்த வைப்பு நல்ல இடம். ஏற்கெனவே விழுந்துவிட்ட பங்குப் பணத்துக்கு இது மருந்தல்ல.

காரணம் கணக்கில் இருக்கிறது. 100 ரூபாய் 60 ஆன பிறகு விற்று, 7.5 சதவீத வட்டிக்குப் போட்டால், மறுபடி 100 ஆக ஏறக்குறைய ஏழு ஆண்டு பிடிக்கும். 2020 ஜனவரியில் 12,400-க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கியது. அதே நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. 2008 சரிவில் இன்னொரு குறியீடான சென்செக்ஸ் மீள ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆனது. இப்படி மீள்வது, குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் குறியீட்டு ஃபண்டுக்குப் பொருந்தும். கடனில் மூழ்கிய தனி நிறுவனப் பங்கு மீளாமலே போகலாம்.

இனி வங்கி. வாசலில் உள்ள பெயர்ப் பலகையைக் கவனமாகப் படியுங்கள், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் வைப்புக் காப்பீடு, அதாவது வங்கி முடங்கினால் வைப்பாளருக்குப் பணம் தரும் காப்பீடு உண்டு. 'சொசைட்டி' என்று நாம் சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்துக்கும் அது இல்லை. நகைக்கடனுக்குச் சொசைட்டி அருமை. ஓய்வூதியப் பணம் முழுவதையும் அங்கே வைக்காதீர்கள்.

காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம். 2020 பிப்ரவரிக்கு முன் 1 லட்சம்தான். அசலும் வட்டியும், எல்லாக் கிளைகளும் சேர்த்தே 5 லட்சம். ஆகவே 7.5 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்கு, வட்டியை முதிர்வில் வாங்குவதானால், 4,30,000 ரூபாயோடு நிறுத்துங்கள். முடிவில் 4,99,000-ஐ ஒட்டி வரும். மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்குக்கு வரம்பு தனி. கடன் வாங்கும்போது பிடிக்கும் பங்குத்தொகைக்குக் காப்பீடு கிடையாது.

மும்பையின் பிஎம்சி என்ற நகரக் கூட்டுறவு வங்கியில் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, முதலில் ஒரு கணக்குக்கு 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கடனைக் கொட்டி, அதை மறைத்ததே காரணம். வயதானவர்கள் மருந்துக்குப் பணமில்லாமல் வங்கி வாசலில் நின்ற அந்த நாள்கள் திரும்பக் கூடாது. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பின், இப்படிக் கட்டுப்பாடு வந்தால் காப்பீட்டுப் பணம் 90 நாளில் கைக்கு வர வேண்டும். அந்த 90 நாள் செலவுக்கு வேறொரு வங்கியில் கணக்கு இருக்கட்டும்.

போடுமுன் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கி, நிகர வாராக்கடன் விகிதத்தை, அதாவது கொடுத்த கடனில் திரும்பாமல் நிற்பது (ஒதுக்கீடு போக) எத்தனை சதவீதம் என்பதைப் பாருங்கள். 3 சதவீதத்துக்குள் என்றால் போடலாம். 6-ஐத் தாண்டினால் வட்டி எவ்வளவு கூடுதலானாலும் வேண்டாம். அறிக்கையைக் காட்டத் தயங்கும் கிளையிலும் வேண்டாம்.

மொத்தத்தையும் ஒரே ரசீதாகப் போடாமல் ஒரு லட்சம் வீதம் பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் முறித்தால், பணம் இருந்த காலத்துக்கான வட்டியிலிருந்து பெரும்பாலும் ஒரு சதவீதம் கழிப்பார்கள். பிரித்திருந்தால் ஒரு ரசீதை மட்டும் முறித்தால் போதும். ஒவ்வொரு ரசீதிலும் நியமனதாரர் (நாமினி) பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள்.