நானோ துகள் சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்புகிறவர்களே, உஷார்! எனக்கு 18,500 ரூபாய் போச்சு

எம்.எஸ்சி., பிஎச்.டி. புராஜெக்ட் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஒரு தனியார் டெஸ்டிங் லேப் என்னிடம் 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, யாருடைய ரிப்போர்ட்டையோ என் தலையில் கட்டிவிட்டது.

நொச்சி இலைச் சாற்றை சில்வர் நைட்ரேட் கரைசலில் சேர்த்து வெள்ளி நானோ துகள் எடுத்திருந்தேன். வெளிர்மஞ்சள் கரைசல் பழுப்பானது, காலேஜ் யுவி கருவியில் 430 நானோமீட்டர் பக்கம் பீக்கும் வந்தது (வெள்ளி நானோ துகளுக்கான அடையாளம்). துகள் என்ன பொருள் என்று எக்ஸ்-கதிரால் காட்டும் எக்ஸ்ஆர்டியும், எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று பார்க்கும் எம்டிடி சோதனையும் வெளியேதான் செய்தாக வேண்டும்.

போனில் பேசிய லேப்காரர், "இலைச் சாறு மட்டும் தனியா ஒரு கண்ட்ரோல் போடணும்மா, இல்லன்னா வைவால மாட்டிக்குவீங்க" என்று அவராகவே சொன்னார். கண்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யும் சோதனை. விஷயம் தெரிந்தவர் என்று நம்பி முழுப் பணத்தையும் அன்றே அனுப்பினேன்.

வந்த ரிப்போர்ட்டைப் பாருங்கள். வெள்ளிக்கு எக்ஸ்ஆர்டியில் 38, 44, 64, 77 டிகிரி பக்கம் பீக் வர வேண்டும். இதில் இருப்பது 31.7, 34.4, 36.2. அது ஜிங்க் ஆக்சைடு! துத்தநாகத்தை நான் தொடவே இல்லை. எம்டிடிக்குக் கொடுத்த குப்பியோ, மூடி மேல் நான் சுற்றிய பாராஃபில்ம் என்ற மெல்லிய தாள் கூடப் பிரியாமல் திரும்பி வந்தது. அப்புறம் எந்தப் பொடியைச் செல்கள் மேல் போட்டார்கள்? ஐசி50 (செல்களைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு) மட்டும் இரண்டு தசமத்தோடு அச்சாகியிருக்கிறது. அவர் சொன்ன அந்த இலைச் சாறு கண்ட்ரோல் அட்டவணையிலேயே இல்லை.

கேட்டால் முதலில் "டெக்னீஷியன் லீவு". அப்புறம் "உங்க சாம்பிள்ல கலப்படம்". கடைசியில் "ரிப்போர்ட் கொடுத்தாச்சு, ரீஃபண்ட் கிடையாது". இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 18,500 ரூபாய், அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம்! அதைவிட வயிறு எரிவது, புற்றுநோய் ஆராய்ச்சி என்ற பெயரில் இப்படிப் பொய் எண்களை விற்கிறார்களே என்றுதான். இதை நம்பி இன்னொருவர் அடுத்த ஆய்வைத் தொடங்கினால் என்ன ஆகும்?

முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். படம் மட்டும் போதாது, கருவியிலிருந்து வரும் ரா டேட்டா ஃபைலைக் கேளுங்கள். தாமதமானாலும் ஐஐடி மெட்ராஸ் சாய்ஃப் (வெளியாட்களின் சாம்பிளையும் சோதித்துத் தரும் கருவி மையம்) போன்ற இடத்தில் முதலில் விசாரியுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் திரும்பி வந்த குப்பியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு எனக்கு மெசேஜ் செய்யுங்கள்.