முன்னால் ஒரு வெள்ளி, பின்னால் ஒரு வெள்ளி

போன வாரம் கீழ்த்தளத்துத் தம்பி என் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ரிம் புதுசாண்ணே?" என்றார். புதுசில்லை. காரோடு வந்த அதே அலாய் ரிம்தான், வயது 11. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழான சிஓஇயை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த கையோடு ரிம்முக்குச் செய்த வேலை, 14 மாதம் ஆகிறது. ஐந்து வருடம் எடுத்தால் மறுபடி நீட்டிக்க முடியாது, காரைச் சாலையிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு ரிம் அழகு எதற்கு என்று வீட்டில் அப்போதே கேட்டார்கள்.

முன் இரண்டும் டீக்கறை பிடித்த கோப்பை மாதிரிப் பழுப்பேறியிருந்தன. பின் இரண்டும் பரவாயில்லை. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும், தேய்மானமும் அங்கேதான். சூடாகப் பறக்கிற இரும்புத் துகள், பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் குத்தி உட்கார்ந்து, நம்மூர் ஈரத்தில் அங்கேயே துருப்பிடிக்கிறது. சோப்புத் தண்ணீருக்கெல்லாம் அசையாது.

முதலில் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் வாங்கி, கார்ப்பேட்டையில் கழுவும் இடத்தில் அடித்தேன். ரிம் ஆறியிருக்க வேண்டும், சூட்டில் அடித்தால் காய்ந்து கறையாகிவிடும். இரண்டே நிமிடம்தான், ஸ்போக் மூலைகளிலிருந்து நாவல்பழம் நசுங்கினாற்போல ஊதா நிறம் கசிந்து வழிந்தது. பார்க்க அவ்வளவு ஆனந்தம்! நாற்றம்தான் அழுகிய முட்டை. பக்கத்தில் கார் துடைத்துக்கொண்டிருந்த அங்கிள் வாளியோடு நகர்ந்துவிட்டார். மூன்று முறை அடித்ததில் பழுப்பு முக்கால்வாசி போயிற்று.

மிச்சமிருந்தது கறையே இல்லை. கிளியர் கோட் உரிந்து, அடியில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் புழு நெளிந்த மாதிரி கோடுகள். அதற்கு உரித்துப் பெயிண்ட் அடிப்பதுதான் வழி. காக்கி புக்கிட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரிம்முக்கு 110 சிங்கப்பூர் வெள்ளி சொன்னார்கள். நான்குக்கும் கொடுக்க மனசு வரவில்லை, முன் இரண்டை மட்டும் கொடுத்தேன்.

வேலை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். இன்றுவரை ஒரு கொப்புளம் இல்லை, வால்வுத் துளையோரம்கூடப் பெயிண்ட் வழியவில்லை. பிரேக் பேடையும் செராமிக்குக்கு மாற்றியதால் தூசி நன்றாகவே குறைந்திருக்கிறது.

ஆனால் நிறம்! கம்பெனி அடித்த வெள்ளி நிறத்தில் லேசாக ஒரு மஞ்சள் சாயல் உண்டு, இவர்கள் அடித்ததில் நீலம் தட்டுகிறது. ஒர்க்‌ஷாப் குழல்விளக்கில் பார்த்து நானும் தலையாட்டிவிட்டேன். ஈஸ்ட் கோஸ்ட்டில் காலை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. போய்க் கேட்டால், "பத்து வருஷம் வெயில் பட்ட நிறத்துக்கு எப்படிக் கலக்குறது?" என்கிறார்கள். நியாயம்தான். அதை அடிப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நான்கையும் கொடுத்திருக்க மாட்டேனா? வீட்டில் யார் கண்ணுக்கும் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பது இன்னும் எரிச்சல்.

தம்பியிடம், "பெயிண்ட் பக்கமே போகாதீங்க, திரவத்தோட நிறுத்திக்குங்க" என்றேன். அவர் லிஃப்ட் ஏறியதும், பின் இரண்டுக்கும் என்ன விலை என்று அதே ஒர்க்‌ஷாப்புக்கு மெசேஜ் போட்டேன். இப்போது 130 வெள்ளியாம்.