ஏசிஎஃப்-50 ரிவ்யூ: நல்ல ஸ்ப்ரே தான், ஆனா விங்க தொறந்து பாக்காம அடிக்காதீங்க

ஃப்ளோரிடா கடற்கரை பக்கம் செஸ்னா, பைப்பர் மாதிரி சின்ன ப்ளேன் மெயின்டனன்ஸ் பண்றவங்கள கேட்டா விங் கரோஷனுக்கு, அதாவது மெட்டல் அரிப்புக்கு, ஏசிஎஃப்-50, கரோஷன்எக்ஸ், மெழுகா படியிற எல்பிஎஸ் 3, இந்த மூணு பேர தான் திரும்பத் திரும்ப சொல்வாங்க. நான் அதிகமா அடிச்சது ஏசிஎஃப்-50, கனடால லியர் கெமிக்கல் பண்றது. ஒரே வரில சொல்லணும்னா காசுக்கு மோசமில்ல, தாராளமா வாங்கலாம். ஆனா வாங்குற ஓனருங்க நெறைய பேர் இத மருந்துன்னு நெனச்சு வாங்குறாங்க, அதுக்காகத் தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

இது ரொம்ப மெல்லிசான எண்ணெய். ரிவெட் தலைக்கு அடியிலயும், ரெண்டு ஷீட் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற லேப் ஜாயின்ட் உள்ளயும் தானா ஊறிப் போயி அங்க நிக்கிற ஈரத்த வெளிய தள்ளிடும், நம்ம கையோ ப்ரஷ்ஷோ போகவே முடியாத எடம் அதெல்லாம். பழைய ப்ளேன் பல, ஃபேக்டரில இருந்து வரும்போதே விங் உள்பக்கம் ப்ரைமர் இல்லாம வந்தது, கடல் காத்து பட்டா அதுக்கு வேற பாதுகாப்பே கெடையாது. விங் அடில இருக்கற இன்ஸ்பெக்ஷன் கவர்லாம் கழட்டி, நீளமான ட்யூப் முனைல எல்லா பக்கமும் தெளிக்கிற நாசில் மாட்டி, கம்ப்ரஸர் காத்துல பனி மாதிரி அடிக்கணும். ப்ரேக் டிஸ்க்க மூடி வைங்க. தண்ணி வடியிற ட்ரெயின் ஹோல் அடைச்சிருக்கான்னு முன்னாடியே குத்திப் பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப அடிச்சா போதும்.

குறைன்னா, ஒழுகும். வாரக்கணக்கா ரிவெட் ஓரத்துல கசிஞ்சு தூசியோட சேந்து கருப்பா கோடு விழும். பாக்க அசிங்கம்ங்கறது கூட பெரிசில்ல, லூஸா ஆடுற ரிவெட்டும் இதே மாதிரி தான் கருப்பா கோடு விடும், அப்புறம் எது எண்ணெய் எது ஆடுற ரிவெட்னு பிரிச்சுப் பாக்கறது கஷ்டம். அதனால அடிக்கறதுக்கு முன்னாடி ரிவெட் வரிசைய ஒவ்வொண்ணா பாத்து ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஏற்கனவே அரிச்ச எடத்துல இத அடிச்சா அரிப்பு மெதுவாகும், போன மெட்டல் திரும்ப வராது. அதோட எண்ணெய் அரிச்ச குழிக்குள்ள ஊறிட்டா பின்னாடி ப்ரைமர் ஒட்டாது, விரிசல் தேட டை பெனட்ரன்ட்னு விரிசலுக்குள்ள ஊறுற சாயம் போட்டாலும் சரியா காட்டாது, எல்லாத்தையும் முதல்ல கிரீஸ் போக கழுவியாகணும். அதனால முதல்ல பாருங்க. டார்ச்ச நேரா அடிக்காம ஸ்கின்னோட, அதாவது வெளித் தகடோட, ஒட்டி சாய்ச்சுப் பிடிச்சா பெயின்ட் கொப்பளம், ரிவெட்ட சுத்தி உப்பினது எல்லாம் நிழல் விழுந்து தெரிஞ்சிடும். வெள்ளையா இல்ல சாம்பலா பொடி இருந்தா அது அரிப்பு, ஸ்ப்ரே அடிக்காம அங்கயே நிறுத்தணும். எக்ஸ்ஃபோலியேஷன்னா இன்னும் மோசம், மெட்டல் உள்ளுக்குள்ளயே ஏடு ஏடா பிரிஞ்சு முட்டை பப்ஸ் மேல்தோல் மாதிரி எழும்பி நிக்கும். 7075 மாதிரி அலுமினிய அலாய்ல ஸ்டீல் ஃபாஸ்னர் ஓட்டைய சுத்தி இத அடிக்கடி பாக்கலாம்.

அரிப்ப சுரண்டி எடுக்கும்போது ஸ்டீல் வுல், ஸ்டீல் ப்ரஷ் தொடவே கூடாது, அதோட இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு புது அரிப்ப அதுவே ஆரம்பிச்சு வைக்கும். அலுமினியம் ஆக்ஸைடு பேப்பர், ஸ்காட்ச்-ப்ரைட் போதும். பத்து மடங்கு லென்ஸ்ல குழி முழுசா போச்சான்னு பாத்து, மிச்சம் எவ்ளோ தடிமன்னு அளந்து, அந்த ப்ளேனோட மேனுவல்ல குடுத்த லிமிட்டுக்குள்ள இருந்தா மட்டும் சுத்தியும் வழவழன்னு இழைச்சு, அரிப்ப தடுக்கற ஆலோடைன் கெமிக்கல் போட்டு, எபாக்ஸி ப்ரைமர் அடிச்சு, காஞ்சப்புறம் தான் ஏசிஎஃப்-50. லிமிட் தாண்டிச்சுன்னா பார்ட் மாத்தணும், பேரம் பேசாதீங்க. ஆலோடைன் 1200-ல ஹெக்ஸாவேலன்ட் க்ரோமியம் இருக்கு, க்ளவுஸ் இல்லாம தொடாதீங்க, தொடச்ச துணிய அலசாம காய விட்டா தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு.

ஒரு சின்ன குழி தானேன்னு சொல்றவங்களுக்கு மவுன்ட் ஐசா கதைய சொல்றேன். ஆஸ்திரேலியால 2019 மே 26-ம் தேதி சர்வே பண்ணிட்டிருந்த செஸ்னா டி210எம் ஒண்ணோட வலது விங் வானத்துலயே பிஞ்சு போச்சு, உள்ள இருந்த ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. ரெண்டு விங்கையும் கேபின் மேல சேத்துப் பிடிக்கிற கேரி-த்ரூ ஸ்பார்ங்கற குறுக்கு உத்தரத்துல ஒரு கரோஷன் குழில இருந்து தான் ஃபெடீக் விரிசல் (திரும்பத் திரும்ப பாரம் ஏறி எறங்கி வர்ற விரிசல்) கிளம்பிச்சுன்னு விசாரணைல தெரிஞ்சுது. இந்த மாடல் 210-ல விங்க கீழ இருந்து தாங்குற ஸ்ட்ரட் கம்பி கெடையாது, மொத்த பாரமும் அந்த ஸ்பார் மேல தான். அதோட ஃபேக்டரில ஒட்டின ஃபோம் வேற ஈரத்த அது மேலயே பிடிச்சு வச்சுக்கும். 2020-ல அமெரிக்க விமானத் துறை எஃப்ஏஏ போட்ட ஏடில (கட்டாயமா செய்யணும்னு சொல்ற உத்தரவு) கண்ணால பாக்கறது, மின்சாரத்த வச்சு விரிசல் தேடுற எடி கரன்ட் டெஸ்ட் பண்றது முதல்ல வரும், கோட்டிங்கும் கரோஷன் தடுக்கற எண்ணெயும் அதுக்கப்புறம் தான். பைப்பர் பிஏ-28, பிஏ-32 விங் அடிமூட்டுல மெயின் ஸ்பார்ல கரோஷன் பாக்கச் சொல்லியும் அதே வருஷம் ஒரு ஏடி வந்தது.

கடலோரமா வெளிய நிறுத்தி வைக்கற ப்ளேன்னா யோசிக்காம வாங்குங்க. அரிசோனா மாதிரி வறண்ட எடத்துல ஹாங்கர்ல நிக்குதுன்னா அவசரமில்ல. அடுத்த ரெண்டு மூணு மாசத்துல ரீபெயின்ட் ப்ளான் இருந்தா மட்டும் பெயின்ட் முடியற வரைக்கும் தள்ளிப் போடுங்க, இல்லன்னா ஒவ்வொரு ஜாயின்ட்லயும் எண்ணெய் கசிஞ்சு பெயின்டர் உயிர எடுத்துடும்.