சமரச அலுவலரின் சேவை: ஒரு சங்கச் செயலாளரின் மதிப்பீடு

ஊதிய உயர்வுக் கோரிக்கை மனுவுக்கு எங்கள் நிர்வாகம் எட்டு மாதங்கள் பதில் தராததால், தொழிலாளர்–நிர்வாகத் தகராறுகளைப் பேசித் தீர்க்க உதவும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரை 2019-இல் அணுகினோம். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்துடன் நல்லெண்ணத்தோடு கூட்டுப் பேரம் (தொழிலாளர் அனைவர் சார்பிலும் சங்கம் நிர்வாகத்துடன் நடத்தும் பேச்சு) பேச நிர்வாகம் மறுப்பதை அதன் ஐந்தாம் அட்டவணை நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறை என்றே குறித்தது. சங்கத்தின் மறுப்பும் அவ்வாறே குற்றம் என்பதைப் பலர் அறிவதில்லை.

சேவைக்குக் கட்டணம் இல்லை. சமரசப் பேச்சில் வழக்கறிஞர்கள் வாதாட 36-ஆம் பிரிவு இடம் தராததால், எந்திரத்தில் நிற்கும் தொழிலாளியே தன் குறையைத் தன் சொற்களில் சொல்ல முடிந்தது. இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பேச்சு நடக்கும் காலத்தில், தகராறு தொடர்பான பணி நிலைமைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற 33-ஆம் பிரிவு விதித்த தடையும் எங்களைக் காத்தது.

குறை தாமதமே. சமரச அலுவலர் பதினான்கு நாட்களில் அறிக்கை தர வேண்டும் என்றது அச்சட்டம். எங்களுக்கோ வாய்தாக்களிலேயே ஏழு மாதங்கள் கழிந்தன. நிர்வாகம் முடிவெடுக்கும் அதிகாரமற்றவர்களையே அனுப்பியது. தீர்ப்பளிக்கும் அதிகாரம் அலுவலருக்கும் இல்லை. எனினும், அவர் பொறுமையுடன் இரு தரப்பையும் தனித்தனியே அமர்த்திப் பேசியதால் அச்சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் அவர் முன்னிலையில் கையெழுத்தான ஒப்பந்தம், சங்கத்தில் சேராதவர்களையும் பின்னர் பணியில் சேர்ந்தவர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. சமரச அலுவலர் இல்லாமல் இரு தரப்பும் தனியாகப் போடும் ஒப்பந்தத்துக்கு அந்த வலு கிடையாது.