வீட்டுக்கும் வார்டுக்கும் வரும் நற்கருணை: ஒரு மகளின் மதிப்பீடு

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மாவால் கோவிலுக்குப் போக முடியவில்லை. எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (கோவில் வட்டாரத்தின்) அலுவலகத்தில் பெயர் கொடுத்து வைத்தோம். ஞாயிறு பூசை முடிந்ததும் பொதுநிலையினர் (குருவானவர் அல்லாதவர்) ஒருவர் நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம், கொண்டுவருகிறார்.

அம்மாவுக்கு முதலில் இதில் இஷ்டமே இல்லை. "சாமியார் கையால் வாங்காமல் அதென்ன நன்மை?" என்றார். நற்கருணையைத்தான் நன்மை என்கிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1973இலேயே திருச்சபை இதற்கு வழி திறந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. வந்த அக்கா நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துத்தான் இறங்கி வந்தார்.

அந்த அக்கா வழியில் எங்கும் நிற்பதில்லை. கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் நற்கருணை வைக்கும் சிமிழ். வாசலில் கதை பேச்சு கிடையாது. நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசுவின் உருவம்), மெழுகுவர்த்தி. அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய நற்செய்தியை நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறார். வாய் வறண்டிருந்தால் அப்பத்தில் சின்னத் துண்டு மட்டும் கொடுத்து, ஒரு மிடறு தண்ணீரும் தருகிறார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் பங்குச் செய்திகள்: யாருக்குக் கல்யாணம், பாடகர் குழுவில் என்ன சண்டை. அம்மா அதற்கும் சேர்த்துத்தான் காத்திருக்கிறார் என்பது என் சந்தேகம்.

ஆஸ்பத்திரியில் கிடைத்தது வேறு மாதிரி. நோயாளிகள் நிறைய என்பதால் சுருக்கமான சடங்குதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டில் கட்டிலாகப் போனார். அடுத்த கட்டில் பெண்மணிக்கு அன்று ஆபரேஷன், வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. நர்ஸ் ஓடிவந்து தடுத்தார். தபால் போடுகிற அவசரம் இந்தப் பணிக்கு ஆகாது.

இன்னொரு குறை, பங்கில் எதையும் விளக்கிச் சொல்வதில்லை. நன்மை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் முதியவர்களையும் நோயாளிகளையும் கட்டுப்படுத்தாது, அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும்தான். இது தெரியாமல் சர்க்கரை நோயாளியான அம்மா காலை ஆகாரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். பெயர் எழுதும்போதே சொல்லியிருக்கலாமே? பாவசங்கீர்த்தனத்துக்கும் (பாவ அறிக்கைக்கும்) நோயில்பூசுதலுக்கும் (நோயாளிக்கு எண்ணெய் பூசி செபிக்கும் சடங்குக்கும்) குருவானவர்தான் வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் நல்லது. நோயில்பூசுதலுக்குக் கடைசி நேரம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நோய் கடுமையானதுமே கூப்பிடலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அக்கா ஊரில் இல்லாத ஞாயிறுகளில் மாற்று ஆள் வருவதில்லை, ஒரு போன்கூட இல்லை. மேசையை விரித்து வைத்துவிட்டு மத்தியானம் வரை அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு மதிப்பெண் அதற்காகத்தான் போனது.