முறைப்பாடு எழுத ஆள் இருக்கு, பதில் சொல்ல ஆள் இல்ல: நுவரெலியா மாவட்டத்துல ஒரு பொலிஸ் நிலையம்

ஸ்டேஷன் பேர் போடல, அங்க வேலை செய்ற ஒரு தமிழ் கான்ஸ்டபிளுக்கு என்னால பிரச்சினை வரக்கூடாது. மாமாவோட ஆட்டோவ லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கீழ ரோட்டோரமா நிப்பாட்டியிருந்தப்ப ராத்திரில யாரோ பேட்டரி, ஸ்டெப்னி, செட் எல்லாத்தையும் கழட்டிட்டு போய்ட்டாங்க, அதுக்குத்தான் போனோம்.

முறைப்பாட்ட தமிழ்லயே எழுதுனாங்க. அந்த தம்பி மாமா சொல்ல சொல்ல அப்படியே எழுதி, முழுசா வாசிச்சு காட்டி, பேட்டரி கம்பெனி பேர் பிழைன்னு மாமா சொன்னதும் ஒரு கோடு போட்டு வெட்டி, சரியா எழுதி, அதுக்கு பக்கத்துலயும் கையெழுத்து வாங்கினாரு. இத யாரும் சலுகைன்னு நினைக்காதீங்க, 1979ம் ஆண்டு 15ம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறை சட்டம் 109ம் பிரிவுல வாயால சொல்றத சொன்ன பாஷைலயே எழுதி வாசிச்சு காட்டணும்னுதான் இருக்கு. அந்த பாஷைல எழுத முடியலன்னா உங்களையே எழுதி தரச்சொல்லி கேக்கணும்.

பிரச்சினையே அதுக்கப்புறம்தான். ஆள் புடிபட்டுட்டாங்கன்னு டவுன் முழுக்க கதை. சரி கேப்போம்னு போனா அதே தம்பி, "அண்ணே, எனக்கு அத பத்தி பேச ஏலாது, ஓஐசி சேர்தான் சொல்லணும்"ங்கிறாரு. ஓஐசி, அதான் ஸ்டேஷன் பொறுப்பதிகாரி, எப்ப போனாலும் கோர்ட்ல, இல்லன்னா மீட்டிங்ல, கிரைம் பகுதில இருக்கிற சார்ஜனுக்கு தமிழ் வராது, மாமாவுக்கு சிங்களம் சாமான் வாங்குற அளவுக்குத்தான். விஷயம் தெரிஞ்ச, நம்ம பாஷை பேசுற ஆள் கண்ணு முன்னால நிக்கிறாரு, அவர வாய தொறக்க விடல, அந்த வயசான மனுசன் பெஞ்சுல உக்காந்துட்டு திரும்ப பஸ் ஏறி வர்றத பாக்க எனக்கு வயிறு எரிஞ்சிச்சு.

கட்டுப்பாடே வேணாம்னு நான் சொல்லல. அரச உத்தியோகத்தர் நினைச்ச மாதிரி பத்திரிகைக்கு தகவல் குடுக்க ஏலாதுன்னு அவங்களுக்கான விதிமுறை தொகுப்பான தாபனக் கோவை 47ம் அத்தியாயத்துல இருக்கு, பொலிசுக்குன்னு ஊடகப் பேச்சாளரும் இருக்காரு, அது நியாயம்தான். சந்தேகத்துல புடிச்சவன் பேர் டீக்கடைக்கு போயிட்டா நாளைக்கு அவன் நிரபராதின்னு ஆனாலும் அந்த குடும்பம் தோட்டத்துல தலை நிமிந்து நடக்க முடியாது. ஆனா முறைப்பாடு குடுத்தவன் பத்திரிகைக்காரன் இல்லையே! 2023ம் ஆண்டு 10ம் இலக்க சட்டம், குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு குடுக்கிற சட்டம், விசாரணை எந்த நிலைல இருக்குன்னு கேட்டு தெரிஞ்சுக்கிற உரிமைய பாதிக்கப்பட்டவருக்கு குடுத்திருக்கு. பத்திரிகைக்கு போட்ட பூட்ட கொண்டுவந்து மாமா முன்னால போடுறது எந்த விதத்துல சரி?

அந்த தம்பி மேல எனக்கு துளி கோவம் இல்ல. கொழுந்து பறிக்கிற எங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா கேக்க தொழிற்சங்கம் இருக்கு, பொலிஸ்காரங்களுக்கு சங்கம் வைக்கவே சட்டம் இடம் குடுக்கல. மேல உள்ளவர் வாய மூடுன்னா மூடத்தான் வேணும், இல்லன்னா எங்கயாவது தூரத்துக்கு ட்ரான்ஸ்ஃபர்.

கடைசில ஆர்டிஐதான் கை குடுத்துச்சு. 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆர்டிஐ 01 படிவத்த தமிழ்லயே நிரப்பி பொலிஸ் தகவல் அலுவலருக்கு குடுத்தோம், விண்ணப்பத்துக்கு காசு இல்ல, தருவாங்களா மாட்டாங்களான்னு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். விசாரணைய குழப்புற தகவல்னா 5ம் பிரிவ காட்டி மறுக்கலாம், அதனால யார் என்ன வாக்குமூலம் குடுத்தாங்கன்னெல்லாம் நாங்க கேக்கல, கோர்ட்டுக்கு போயிருச்சா, எந்த கோர்ட், வழக்கு நம்பர் என்ன, இவ்வளவுதான். பதில் சிங்களத்துலதான் வந்துச்சு, ஆனா கேட்டதெல்லாம் இருந்துச்சு. இதுல முக்கியம் 40ம் பிரிவு: இந்த சட்டப்படி குடுக்கக்கூடிய தகவல குடுத்ததுக்காக எந்த உத்தியோகத்தரையும் தண்டிக்க ஏலாது. வாய் தொறக்க பயப்படுற நல்ல பொலிஸ்காரங்களுக்கும் இது தெரியணும்.

முறைப்பாடு எழுதுனதுக்கு 5க்கு 4 குடுப்பேன், அதுக்கப்புறம் நடந்ததுக்கு 1 கூட கஷ்டம். ஓஐசி மனசு வச்சு அந்த தம்பிக்கே "முறைப்பாட்டுக்காரங்களுக்கு நீ விபரம் சொல்லு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா ரெண்டாவது மார்க்கும் தானா ஏறிரும். போறவங்க முறைப்பாட்டு நம்பரையும் திகதியையும் கையோட எழுதி வாங்கிக்கங்க, ஆர்டிஐ போடும்போது கட்டாயம் தேவைப்படும்.