ரிப்பேர் முடிந்து வெறுமையாகத் திரும்பி வந்த ஆம்ப் மாடலர்

போன வாரம்தான் என் ஆம்ப் மாடலர் (பல கிட்டார் ஆம்ப்புகளின் ஒலியை டிஜிட்டலாகத் தரும் கருவி) ரிப்பேர் முடிந்து திரும்பி வந்தது. வாங்கி 4 ஆண்டு ஆகிறது. நடுவில் இருக்கும் ஃபுட்ஸ்விட்ச், ஒருமுறை மிதித்தால் இருமுறை மிதித்ததாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. லீட் ஒலிக்குப் போக மிதிப்பேன். போன வேகத்தில் ரிதம் ஒலிக்கே திரும்பிவிடும். சோலோவின் முதல் வரி யாருக்கும் கேட்காது. 5 வாரம் வைத்திருந்து சுவிட்சை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே நான் சேமித்து வைத்திருந்த பிரீசெட் (ஒலி அமைப்பு) எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படிக் கொடுத்துவிட்டார்கள். அனுப்பும் முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் இருந்த பேக்கப் 8 மாதப் பழசு.

அன்றைக்கே, எங்கள் பேண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டான்: "அண்ணா, நானும் ஒரு மாடலர் வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்குறது? வாங்கினா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" அந்தப் பழைய பேக்கப்பை ஏற்றியிருந்தால் 5 நிமிடத்தில் என் வேலை முடிந்திருக்கும். ஏற்றவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வெறும் கருவியிலிருந்து ஆரம்பித்தேன். அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டதையும், 4 ஆண்டாக அடக்கி வைத்திருந்த கோபத்தையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்பதற்கு என் பதில் சின்னது. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற மாடலர் வந்தபோது "நிஜ ஆம்ப் மாதிரி இருக்கிறதா" என்பதுதான் கேள்வி. ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், கெம்பர், ஹீலிக்ஸ், குவாட் கார்டெக்ஸ் என்று புது மாடலர்கள் எல்லாம் வந்துவிட்ட பிறகு அந்தக் கேள்விக்கு அர்த்தம் குறைந்துவிட்டது. டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைக் கேட்பவர் பிரித்துச் சொல்லப்போவதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. சில கருவிகள் ஆம்ப்பின் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறதோ அதையே கணக்காகப் போட்டு ஒலி தருகின்றன. அங்கே கெயினை (ஒலியின் கரகரப்பைக் கூட்டும் குமிழ்) திருகினால் நிஜ ஆம்ப்பில் திருகுவது போல மிட்டும் (நடு ஒலி) பாஸும் (அடி ஒலி) சேர்ந்து நகரும். வேறு சில கருவிகள் ஒரு நிஜ ஆம்ப்பை ஒரு குறிப்பிட்ட செட்டிங்கில் வைத்துப் படம்பிடித்தது போலப் பதிவு செய்துகொள்கின்றன. கெம்பரில் இதை ப்ரொஃபைல் என்பார்கள், மற்றவற்றில் கேப்சர். அந்தப் புள்ளியில் பிரமாதமாக இருக்கும்; குமிழை ரொம்பத் தள்ளித் திருகினால் நிஜ ஆம்ப் போகும் வழியில் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நான் நாளுக்கு நாள் திருகிக்கொண்டே இருக்கும் ஆள். எனக்கு முதல் வகைதான் சரி. ஒரே ஒலியை வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு இரண்டாவது வகை நிம்மதி தரும்.

வாசிப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே தாமதம் இருக்குமே என்று தம்பி பயந்தான். மாடலரில் ஆகும் தாமதம் பொதுவாகச் சில மில்லிவினாடிதான். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். மேடையில் ஆம்ப்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றாலே 9 மில்லிவினாடி ஆகிவிடுகிறது. அதைத் தாமதம் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. அவனே வாசித்துப் பார்த்தான், பயம் போய்விட்டது.

இனி, இத்தனை நாளாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம்: ஒலியளவு.

வாங்கிய புதிதில் 3 வாரம் ராத்திரி ராத்திரியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு ஒலியைச் செதுக்கினேன். அடியில் கனமாக, மேலே பளபளவென்று, கண்ணை மூடினால் பெரிய அரங்கு மாதிரி இருந்தது. ரிகர்சலுக்குக் கொண்டுபோனேன். டிரம்மர் எண்ணி முடித்து முதல் பார் தொடங்கியதும் என் கிட்டார் காணாமல் போனது. பேஸ் கிட்டாரோடு சேர்ந்து ஒரு உறுமல் மட்டும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஈ மொய்க்கிற மாதிரி ஒரு இரைச்சல். நடுவில் ஒன்றுமே இல்லை. கருவி மோசம், பணம் போச்சு என்றுதான் அன்று வீட்டுக்கு வந்தேன்.

கருவி மோசமில்லை. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸும், மேல்கோடி ட்ரெபிளும் (கூர்மையான மேல் ஒலி) சரியாக எட்டாது. 1933-இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். குறைவான சத்தத்தில் வைத்து டோன் தேடினால், காதுக்கு எட்டாத அந்த இரண்டையும் நாமே ஏற்றிவிடுகிறோம். சத்தம் ஏறியதும் காது அவற்றைத் தானாகவே கூடுதலாகக் கேட்கத் தொடங்கும்; நாம் ஏற்றியதும் சேர்ந்துகொள்ளும். கிட்டாரின் உயிர் இருக்கும் மிட் அடிபட்டுப் போகும்.

என் கோபம் என்னவென்றால், இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பற்றி என் கருவியின் கையேட்டில் ஒரு வரி இல்லை. கூடவே வரும் ஃபேக்டரி பிரீசெட் ஒவ்வொன்றும் ரிவெர்பும் டிலேயும் (எதிரொலி வகைகள்) வழிய வழிய, ஹெட்போனில் கேட்டு மயங்குவதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனால் சத்தம் திடுக்கென்று எகிறும், இல்லையென்றால் படுத்துவிடும். டியூனர் இருக்கிறது, லூப்பர் இருக்கிறது, ஒரு பெடலை 10 விதமாகத் திருத்தும் வசதி இருக்கிறது. எல்லா பிரீசெட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு வசதி கிடையாது. 4 ஆண்டில் எத்தனையோ ஃபர்ம்வேர் அப்டேட் வந்துவிட்டது, புதுப்புது ஆம்ப் வந்தது, இது மட்டும் வரவில்லை. மேடையில் பாட்டுக்கு நடுவே கிளீன் (கரகரப்பில்லாத) ஒலிக்கு மாறி, பாடகி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு என் கிட்டார் கத்தியிருக்கிறது. அது என்னால் மறக்க முடியாத நாள்.

அதனால் இந்த முறை ரிகர்சல் ரூமிலேயே உட்கார்ந்து, ரிகர்சலில் இருக்கும் சத்தத்திலேயே ஆரம்பித்தோம். பெடல் எல்லாம் ஆஃப். ஒரு ஆம்ப், ஒரு கேப் (ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் வைத்த மைக்கும்), அவ்வளவுதான்; எல்லாம் கருவிக்குள்ளேயே இருப்பவை. பாஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, கெயினை மட்டும் திருகி அரை மணி நேரம் வாசித்தோம். ட்ரெபிளைத் தொடும் முன் கேப்பை மாற்றிப் பார்த்தோம். ஒலியை ரொம்ப மாற்றுவது ஆம்ப் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கேப்பும் மைக்கும்தான். மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினாலே அந்த ஈ மொய்க்கிற சத்தம் பாதி அடங்கிவிட்டது.

மீதிக்கு ஹை கட், அதாவது மேல் ஒலியை வெட்டுவது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகச் சரிந்துவிடும். பி.ஏ. ஸ்பீக்கரும் (கூட்டத்துக்கு ஒலி தருவது) ஹெட்போனும் அப்படிச் சரியாது, கொடுத்ததையெல்லாம் கேட்க வைக்கும். அதனால் 6 அல்லது 7 கிலோஹெர்ட்ஸில் வெட்டிவிட்டோம். கீழே 90 ஹெர்ட்ஸில் லோ கட். கிட்டாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே இருப்பது பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தமான இடம். தனியாகக் கேட்டால் ஒலி கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. தம்பி முகம் சுளித்தான். டிரம்மர் வந்து உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு சுரமும் தனியாக எழுந்து நின்றது. நான் இந்தக் கருவியை விரும்புவது அந்தக் கணத்துக்காகத்தான்.

நிஜ கிட்டார் ஆம்ப்பில் இணைப்பதானால் கேப்பை ஆஃப் செய்துவிட்டு, ஆம்ப்பின் பின்னால் இருக்கும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்ற துளையில் செருக வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கர், போர்வைக்குள் வாசிப்பது போல இருக்கும்.

பிரீசெட்டுகளின் அளவைச் சமப்படுத்துவதுதான் கடைசி வேலை, ரொம்ப நேரம் பிடித்த வேலையும் அதுதான். ஆம்ப்புக்குள் இருக்கும் மாஸ்டரைத் திருகிச் சமப்படுத்தக் கூடாது. அது பவர் டியூப்பின் டிஸ்டார்ஷனையும் (கரகரப்பு) சேர்த்து மாற்றும். சேனல் வால்யூமைத்தான் திருக வேண்டும், அது சத்தத்தை மட்டும் மாற்றும். மீட்டரின் உச்சத்தையும் நம்பக் கூடாது. கிளீன் ஒலியில் ஒவ்வொரு மீட்டலும் கூர்மையாக எகிறி அடங்கும். டிஸ்டார்ஷன் தட்டையாக அமுங்கியிருக்கும். உச்சம் இரண்டிலும் ஒன்றாகக் காட்டினாலும், காதுக்கு டிஸ்டார்ஷன்தான் பெரிதாகக் கேட்கும். கிளீனை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் காதால் கேட்டு அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். லீடுக்கு மட்டும் 3 டெசிபெல் கூடுதல்.

முன்பு என்னிடம் 63 பிரீசெட் இருந்தது. இப்போது 4. கிளீன், லேசான க்ரஞ்ச், ரிதம், லீட். இந்த வாரம் இரண்டு ரிகர்சல் போனேன், ஐந்தாவது ஒன்று வேண்டும் என்று தோன்றவேயில்லை.

எல்லாம் முடிந்ததும் தம்பி கேட்டான், "அப்போ நானும் இதையே வாங்கட்டுமா அண்ணா?" வேண்டாம் என்றேன். ஒலியில் இதை மிஞ்சியதை நான் வாசித்ததில்லை, ஆனாலும் வேண்டாம். ஒரு சுவிட்சுக்கு 5 வாரம் வாங்கி, கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துக் கொடுப்பவர்களிடம் அவனை அனுப்ப எனக்கு மனசில்லை. ஆம்ப் குமிழ்கள் முகப்பிலேயே இருக்கும் சின்ன மாடலராகப் பார்த்து வாங்கச் சொன்னேன். வால்யூம் குமிழ் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அப்படியென்றால் உங்களுடையதை எனக்கு விற்றுவிடுங்களேன் என்றான். அதற்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த 4 பிரீசெட்டையும் அன்றே பேக்கப் எடுத்து, ஒரு பிரதியை அவன் லேப்டாப்பிலும் போட்டு வைத்திருக்கிறேன்.